வெளியாள் சரக்கு

கார்னிவலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. ஒருரோ நகரத்து அலுவலகங்கள் எல்லாம் மண்தாய்க்குப் பீர் ஊற்றிக்கொண்டிருந்தன. ஊர்வலப் பாதையின் மேடைகளுக்கு இருக்கைச் சீட்டு விற்கும் மென்பொருளை எழுதுகிற அந்தச் சின்ன அலுவலகமும் விதிவிலக்கில்லை. கணினிகளுக்குக் காகிதச் சுருளில் மாலை, மூலைக்கு மூலை மிட்டாய், நடுவில் மூலிகைப் புகை. ஃபெலீசா அயாவிரி மட்டும் கையில் கோப்பையை வைத்துக்கொண்டு உம்மென்று நின்றாள்.

காரணம் இல்லாமல் இல்லை. மண்தாய்க்குப் படைக்கும் இந்தச் சல்லா சடங்குக்கு முன் இடத்தைக் கூட்டிப் பெருக்க வேண்டும், வேண்டாததை வெளியே எறிய வேண்டும். தலைமைப் பொறியாளர் ருபேர்த்தோ அந்த வழக்கத்தை, அலுவலகத்து நிரல்களையெல்லாம் சேமித்துவைக்கும் களஞ்சியம் வரைக்கும் நீட்டிவிட்டார். அவர்களுடைய மென்பொருளில் பாதி அவர்கள் எழுதியதே இல்லை. சீட்டில் க்யூஆர் கோடு அச்சிடும் நிரலைக்கூட, முகம் தெரியாத யாரோ ஒருவர் எழுதி இணையத்தில் பொதுவில் வைத்திருந்தார். வேண்டும்போது இறக்கிக்கொண்டால் போதாதா என்பது ருபேர்த்தோ கட்சி. இறக்கியதில் ஒரு பிரதியை, எந்தப் பதிப்பு, எங்கிருந்து வந்தது என்ற குறிப்போடு நம் களஞ்சியத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது ஃபெலீசா கட்சி. வைத்தும் இருந்தாள். அதற்காகவே அவளுக்குக் கிடங்குக்காரி என்று பட்டப்பெயர்.

“அடுத்த வீட்டு மூட்டையெல்லாம் நம்ம வீட்டுல ஏம்மா அடுக்கி வச்சிருக்க? எடுத்துப் போடு. முடியாதுன்னா கார்னிவல் முடிஞ்சு நீ வர வேண்டாம்,” என்று முந்தின நாள் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அவளுக்குச் சுருக்கென்றது. பல்லைக் கடித்துக்கொண்டு அத்தனையையும் நீக்கினாள். கணினிகளில் தங்கியிருந்த பழைய பிரதிகளையும் சக ஊழியை நோயெமி பாட்டுப் பாடிக்கொண்டே துடைத்தெடுத்தாள்.

இரண்டாவது சுற்று பீர் ஊற்றும்போது சீட்டு விற்கும் இடத்திலிருந்து தொலைபேசி வந்தது. ஒரே இருக்கை இரண்டு குடும்பங்களுக்குப் போயிருக்கிறது. ஒன்றல்ல, ஒரு வரிசை முழுக்க. விடிந்தால் ஊர்வலம். தவறு இந்த அலுவலகத்து மென்பொருளில்தான். நோயெமி கண்டுபிடித்து ஒரே வரியில் திருத்திவிட்டாள். ஆனால் எல்லா நிரல்களையும் சேர்த்து மென்பொருளைப் புதிதாகக் கட்டப் போனால் திரை சிவந்தது. க்யூஆர் நிரல் கிடைக்கவில்லை. அதை எழுதிய புண்ணியவான் யாரிடமோ சண்டை போட்டுக்கொண்டு, அன்று காலைதான் தன் நிரல்களை எல்லாம் இணையத்திலிருந்து சுருட்டிக்கொண்டு போயிருந்தார். வேறொன்றைப் போட்டால், இந்த நிரல் அச்சிடும் கோடுக்கென்றே அமைத்திருந்த மேடை வாசல் கருவிகள் சீட்டைப் படிக்காது. ருபேர்த்தோ கையைப் பிசைந்துகொண்டு நடந்தார். பாட்டை யாரோ நிறுத்தினார்கள்.

நல்லா வேணும் என்று ஃபெலீசாவின் மனம் துள்ளியது. பொய் சொல்வானேன், அந்தத் துள்ளல் இனிப்பாகவே இருந்தது. மேலங்கியை மாட்டிக்கொண்டு கிளம்பினால் யாரும் கேட்க முடியாது. ஆனால் வருஷம் முழுக்கக் காத்திருந்து, போர்வையும் அவித்த சோளமுமாக வந்து, தன் இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப்போகிறவர்களை நினைத்தாள். அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? கோப்பையைக் கீழே வைத்தாள்.

“இஞ்சினியர், நீங்க எடுக்கச் சொன்னீங்க, எடுத்தேன். ஆனா நேத்து வரைக்கும் இருந்தது களஞ்சியத்தோட பழைய வரலாத்துல அப்படியே கிடக்கு.”

எதை நீக்கினாலும் பழையதையும், யார் நீக்கினார்கள் என்பதையும் களஞ்சியம் குறித்து வைத்துக்கொள்ளும்; அவருக்கும் தெரிந்த சங்கதிதான். பதற்றத்தில் புத்திக்கு எட்டவில்லை. தலையில் அடித்துக்கொண்டார்.

“முதல்லேருந்து உங்க பேச்சக் கேட்டிருந்தா அங்கயும் ஒண்ணும் இருந்திருக்காது,” என்றாள் அமைதியாக.

நேற்றைய நிலைக்குப் போய் அந்தப் பிரதியை அவள் கண்டெடுத்தாள். குறிப்பும் பதிப்பும் அவள் வைத்தபடியே இருந்தன. தன் கணினியில் வைத்து மென்பொருளைக் கட்டிப் பார்த்தாள். திரையில் பச்சை விழுந்ததும் நோயெமி அவளைக் கட்டிப்பிடித்து மூச்சுமுட்ட வைத்துவிட்டாள். இனி அந்தப் பிரதியைக் களஞ்சியத்தில் பதிவு செய்வதுதான் பாக்கி. ஃபெலீசா நாற்காலியை விட்டு எழுந்தாள்.

“இத நீங்க உங்க கையால திரும்ப வைங்க இஞ்சினியர். எடுத்தது என் பேருல கிடக்கு. வச்சது உங்க பேருல இருக்கட்டும்.”

ருபேர்த்தோ அவளைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, தன் பெயரில் பதிவு செய்தார். காரணம் எழுதும் இடத்தில் ‘ஃபெலீசா சொன்னது சரி’ என்று தட்டினார். களஞ்சியம் இருக்கும்வரை அந்த வரி இருக்கும்.

மறுநாள் காலை வாசல் கருவியைப் பிடித்துக்கொண்டு அவளே நின்றாள். முதலில் வந்த பருமனான பெண்மணி, இரட்டித்துப்போன சீட்டுக்குப் பதிலாக இரவோடிரவாக அவர்கள் மாற்றிக் கொடுத்திருந்த சீட்டைச் சந்தேகத்தோடு நீட்டினாள். பச்சை. படியேறிப் போய்த் தன் இருக்கையைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டு அகலமாக உட்கார்ந்தாள். தெருமுனையில் எக்காளங்கள் கிளம்பின. மேடைப் படியில் ருபேர்த்தோ பக்கத்திலிருந்தவரிடம் ஃபெலீசாவைக் கைகாட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். முழக்கத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அவள் சிரித்துக்கொண்டே அடுத்த சீட்டுக்குக் கையை நீட்டினாள்.