வெயிலில் விரித்த பாவு

இப்போதெல்லாம் ஜனங்களுக்குக் குனியத் தெரியவில்லை. பூவராகவன் இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்வார், கேட்காதவர்களிடமும் சொல்வார். முன்பு தெருவில் பாவு விரித்திருந்தால் பால்காரன் சைக்கிளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு அடியில் நுழைந்து போவான். கோயிலுக்குப் பூக்கூடை எடுத்துப் போகிறவள் கூடையை இடுப்புக்கு இறக்கிக்கொண்டு குனிவாள். வேட்டி மடிப்புக் கலையாத குமாஸ்தாவும் குனிவார். பாவைத் தாண்டக்கூடாது, கையால் தூக்கக்கூடாது, அடியில்தான் போகவேண்டும். யாரும் எழுதி ஒட்டியதில்லை. இப்போது ஹாரன் அடிக்கிறான். கார்க் கண்ணாடியை இறக்கி, "ரோடா, உங்க வீட்டுக் கொல்லையாய்யா?" என்கிறான். போன மாசம் வந்தவன் அதுகூடக் கேட்கவில்லை. பைக்கோடு நடுவில் புகுந்து போய்விட்டான். அறுநூறு இழை அறுந்தது.

அறுபத்து நாலு வயதாகிறது அவருக்கு. நாற்பது வருஷமாக இந்த ஒரு வேலைதான். பாவு, அதாவது பட்டுச் சேலைக்கான நீளவாட்டு நூல், தறியில் ஏறுமுன் அதை ஐம்பத்தைந்து அடிக்குத் தெருவில் இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, அறுந்ததை முடிந்து, உருளையில் சுற்றிக் கொடுக்கவேண்டும். இருட்டு பிரிவதற்குள் விரித்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிட வேண்டும். அதற்கென்று கடை கிடையாது, கட்டடம் கிடையாது. இந்தக் கோடியில் ஒரு விளக்குக் கம்பம், அந்தக் கோடியில் ஒரு விளக்குக் கம்பம், நடுவில் தெரு. அதுதான் பட்டறை.

அறுநூறு இழை அறுந்த அன்றைக்குத்தான் கடன் பேச்சு வீட்டுக்குள் வந்தது. கொண்டுவந்தவள் மகள் சிம்ரன். பெயர் வைத்தது அவர் மச்சான், அந்தக் காலத்துச் சினிமாப் பைத்தியம். அவள் ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனிக்கு மூன்று வருஷம் பஸ் ஏறிப்போய், நின்றே வேலை செய்து, முழங்காலில் நீர் கோத்துக்கொண்டு திரும்பியவள். ஒண்ணாந்தேதிக்குள் வந்தால் வேலை இருக்கும், இல்லாவிட்டால் இல்லை என்று அங்கிருந்து போன் வந்திருந்தது.

"தெருவுல இனிமே ஓடாது நைனா," என்றாள். "கூரை போட்ட நீளமான எடம் ஒண்ணு வேணும். காலைல ரெண்டு பாவு, மதியத்துக்கு மேல ரெண்டு பாவு. வெயிலும் இல்ல, பைக்கும் இல்ல. மானியத்தோட கடன் குடுக்கறாங்க. உனக்கு வயசு தாண்டிடுச்சி, என் பேர்ல போடலாம்."

"குடுக்கறாங்கன்னா சும்மாவா குடுக்கறாங்க?"

"சும்மா குடுத்தா நீ வாங்கவே மாட்ட."

அது உண்மைதான்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் குருவின் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனார்கள். மாகறலிலிருந்து வந்து கடை போட்ட பையன். விண்ணப்பம், திட்ட அறிக்கை எல்லாம் அவனே தட்டித் தருவான். ஆதார், ரேஷன் கார்டு, சாதிச் சான்று, கொட்டேஷன் என்று வரிசையாக வாங்கி அடுக்கினான். அடுக்கி முடித்துவிட்டுக் கேட்டான்.

"தொழில் நடக்கற எடத்துக்குப் பேப்பர் குடுங்க பெரியவரே. கரண்ட் பில்லு, இல்ல வாடகை அக்ரிமென்ட்."

"தொழில் தெருவுல நடக்குது."

"தெரு யார் பேர்ல இருக்குது?"

"சர்க்கார் பேர்ல. கடன் குடுக்கறதும் சர்க்கார்தான? அவங்க எடத்துக்கு அவங்களே பேப்பர் குடுத்துக்கட்டும்."

குரு சிரித்தான். சிம்ரன் சிரிக்கவில்லை. இடம் போடுவதற்குத்தான் கடன், ஆனால் கடன் கேட்க இடம் முதலில் இருக்கவேண்டும். பூவராகவன் அதை இரண்டு தடவை திருப்பிக் கேட்டார். இரண்டு தடவையும் குரு அதையேதான் சொன்னான்.

காஞ்சிபுரத்துக்குள் ஐம்பத்தைந்து அடி நீளத்துக்குக் காலி இடம் வைத்திருப்பவன் அதை மனை போட்டு விற்றுவிடுவான். கடைசியில் கிடைத்தது வாலாஜாபாத் ரோட்டில் மூடிக் கிடக்கும் ஒரு ரைஸ்மில்லின் களம். எண்பது அடி, நெல் காயவைக்கப் போட்ட சிமெண்ட் தரை. மில் மாணிக்கவேலுடையது. அப்பன் காலத்தில் தென்னேரிப் பக்கம் ஏர் ஓட்டிய குடும்பம். இப்போது அவனுக்கு வெள்ளைக் கார், வெள்ளைச் சட்டை, கல்யாண போஸ்டர்களில் கும்பிட்டபடி ஒரு படம். இடம் தருகிறேன் என்றான். பதினோரு மாச அக்ரிமென்ட், முடிந்தால் புதுப்பித்துக்கொள்ளலாம். அவர்கள் போடுகிற கூரை இடத்தோடு சேர்ந்து அவனுக்கே.

"கடன் அஞ்சு வருஷம், பேப்பர் பதினோரு மாசம்," என்றார் பூவராகவன் வீட்டில். "பன்னண்டாவது மாசம் கூரையத் தலைமேல தூக்கிக்கினு போவியா?"

"அப்ப வேற எடம் காட்டு நைனா."

அவர் காட்டவில்லை. எங்கே இருக்கிறது, காட்டுவதற்கு?

குரு இன்னும் ஒன்று கேட்டான். களத்தில் தொழில் நடக்கிற மாதிரி ஒரு போட்டோ. அவன் போனிலேயே எடுத்தால் இடமும் நேரமும் படத்தில் விழும், அறிக்கையோடு வைக்கலாம்.

"விடியக்காலம் அஞ்சரைக்கு வா," என்றார் பூவராகவன்.

"இருட்டுல இன்னா தெரியும்? ஏழரைக்கு வரேன், நல்ல வெளிச்சமா இருக்கும்."

"ஏழு மணிக்கு நான் சுருட்டிடுவேன்."

"அரை மணி நேரம்தான் நைனா," என்றாள் சிம்ரன்.

அப்படித்தான் அந்த வெள்ளிக்கிழமை அரக்குக் கலர் பாவை எடுத்துக்கொண்டு அவரும் மனைவி எல்லம்மாளும் சிம்ரனும் ஷேர் ஆட்டோவில் மில்லுக்கு வந்து சேர்ந்தார்கள். பாவு நெசவுக்காரர் தேவேந்திரனுடையது. கல்யாண ஆர்டர். மத்தியானம் தறியில் ஏற்றவேண்டும்.

விரிக்க ஆரம்பித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. ஒரு கோடியை மில் வாசல் தூணில் கட்டியாயிற்று. மறு கோடியைக் கட்ட எதுவுமில்லை. தெருவில் கம்பம் இருக்கும், இல்லாவிட்டால் மண்ணில் முளை அடிக்கலாம். சிமெண்டில் எங்கே அடிப்பது? எண்பது அடி இருக்கிறதா என்று கால் வைத்து அளந்து பார்த்த மனுஷனுக்கு, எதில் கட்டுவது என்று கேட்கத் தோன்றவில்லை. நாற்பது வருஷமாகக் கம்பம் அங்கேயே இருந்ததால் கம்பத்தை அவர் நினைத்ததே இல்லை.

"குடு இங்க," என்று கயிற்றை வாங்கி இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி, பின்னால் சாய்ந்து நின்றுகொண்டார்.

பாவு விறைத்து நின்றது. எல்லம்மாளும் சிம்ரனும் கஞ்சி தோய்த்து, இழை நீவி, ஏழு மணிக்கு முடித்துவிட்டார்கள். ஏழரை ஆயிற்று. எட்டு மணிக்கு சிம்ரன் போன் போட்டாள்.

"வந்துக்கினே இருக்கறானாம், பத்து நிமிஷமாம்."

தெருவில் இந்த நேரத்துக்கு வீட்டு நிழல் பாதித் தெருவை மூடியிருக்கும். இங்கே மேலே வெயில், கீழே சிமெண்டிலிருந்து இன்னொரு வெயில். கஞ்சி காய்ந்து இழை கம்பி மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. எல்லம்மாள் தண்ணீர் தெளித்தாள். அதிகம் தெளித்தால் கஞ்சி இறங்கிவிடும், தெளிக்காவிட்டால் அறும். கயிறு இடுப்பைச் சுற்றி இருந்ததால் அவருக்குப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு இழை அறும்போதும் வயிற்றில் தெரிந்தது.

"சுருட்டிடலாம்," என்றார்.

"பத்து நிமிஷம் நைனா."

"இதைத்தான் எட்டு மணிக்கும் சொன்ன."

"சுருட்டிட்டா இன்னிக்கி படம் இல்ல. நாளைக்கி அவன் திருப்பதிக்குப் போறான், வரதுக்கு நாலு நாள். அதுக்குள்ள ஒண்ணாந்தேதி வந்துடும்." அவள் பாவுக்கு அடியில் குனிந்து நுழைந்து அவர் பக்கம் வந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்ந்தாள். "நான் திரும்ப அங்க போயி நிக்கணுமா, சொல்லு."

அவருக்கு முதுகுப் பக்கம் வியர்வை இறங்கியது. துடைக்கக் கையை எடுத்தால் கயிறு தளரும். விட்டுவிட்டு நகர்ந்தால் தேவேந்திரன் பட்டு மொத்தமும் தரையில் புரளும். விடாமல் நின்றால் ஒவ்வொன்றாக அறும். மூத்திரம் வேறு முட்டியது.

"ஒன்ன யாரு புடிக்கச் சொன்னது, நான் வரேன் வுடு," என்றாள் எல்லம்மாள்.

"ஒன் வெயிட்டுக்கு பாவு ஒன்ன இழுத்துக்கினு தூணுக்குப் போயிடும்."

"இந்த நேரத்துலயும் வாய் கொறயல."

ஒன்பதே முக்காலுக்குக் குரு வந்தான். டிபன் சாப்பிட்ட வாய். பைக்கை நிறுத்திவிட்டு, பாவின் மேல் காலைத் தூக்கிப் போட்டுத் தாண்டப் போனான்.

"குனிடா," என்றார் பூவராகவன்.

அவர் சொன்ன விதத்தில் அவன் குனிந்துதான் வந்தான். இந்தப் பக்கம் நின்று ஒன்று, அந்தப் பக்கம் நின்று ஒன்று எடுத்தான். பிறகு போனைத் தாழ்த்தினான்.

"பெரியவரே, கொஞ்சம் நகருங்க. இடுப்புக் கயிறோட விழறீங்க. கடன் கட்டாத ஆளைக் கட்டிப்போட்டா மாதிரி இருக்குது."

"நகர்ந்தா பாவு வுழுந்துடும்."

"சரி வுடுங்க, உங்கள வெட்டிட்டு எடுத்துக்கறேன்."

எடுத்தான். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

மாணிக்கவேல் அதே நேரத்துக்குக் காரில் வந்து இறங்கினான், கையில் முத்திரைத்தாள். "இன்னா பூவராகவா, பாவு விரிச்சதும் களத்துக்கே ஒரு களை வந்துடுச்சி," என்றான். பூவராகவனைவிட இருபது வயது சின்னவன். "தை மாசம் மட்டும் ஒரு மாசம் நெல்லு கொட்டிப்பேன்மா சிம்ரன். கூரை இருந்தா எனக்கும் மழைக் கவல இல்ல."

"அந்த ஒரு மாசம் நாங்க எங்க பாவு விரிக்கறது?" என்றாள் அவள்.

"தெருவு இருக்குது இல்ல?"

அவள் தாளை வாங்கி முழுவதும் படித்தாள். "அஞ்சு வருஷத்துக்குப் போட முடியாதாண்ணா?"

"அஞ்சு வருஷம்னா ரிஜிஸ்டர் பண்ணணும், செலவு. நான் இன்னா ஓடியா போயிடப் போறேன்?"

சிம்ரன் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். ஐம்பத்தைந்து அடிக்கு அந்தப் பக்கம் நின்றாள். அவரால் அங்கே போக முடியாது.

"நைனா?"

"நான் சொல்லவேண்டியதச் சொல்லிட்டேன். ஓடிப்போறவன் எவனும் சொல்லிட்டு ஓடமாட்டான்."

மாணிக்கவேல் சிரித்தான். அவள் தாளைக் குருவின் பைக் சீட்டின்மேல் வைத்து, முழங்காலை ஒரு பக்கமாகச் சாய்த்து நின்று, கையெழுத்துப் போட்டாள்.

"சாட்சிக்கு ஒரு கையெழுத்து, பெரியவரே," என்று குரு தாளை எடுத்துக்கொண்டு வந்தான், இந்தத் தடவை தானாகவே குனிந்து.

"மொதல்ல பாவு."

சுருட்டினார்கள். கயிற்றை அவிழ்த்ததும் அவர் மில் சுவர்ப் பக்கம் ஒதுங்கிவிட்டு வந்தார். உருளையில் முனை முனையாகத் தொங்கிய அறுந்த இழைகளை எல்லம்மாள் விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். தேவேந்திரன் வீட்டு வாசலில் உட்கார்ந்துதான் அவற்றை முடிச்சுப் போடவேண்டும். அவன் பேசுவதையும் கேட்கவேண்டும்.

குரு மறுபடி பேனாவை நீட்டினான். பூவராகவன் அதை வாங்கவில்லை. உருளையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். எல்லம்மாள் அவரைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மை டப்பாவுக்குக் கட்டைவிரலை நீட்டினாள்.

சிம்ரன் கேட் வரைக்கும் கூடவே வந்தாள். "கூரை வந்தா தூணு வந்துடும் நைனா. கயித்த அதுல கட்டிடலாம். நீ நிக்க வேணாம்."

"தூணு யாருது?"

அவள் ரோட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தாள். "ஆட்டோ கூப்புடட்டுமா?" என்றாள்.

"வேணாம்."

அவர் ரோட்டில் இறங்கி ஊர்ப்பக்கம் நடந்தார். கயிறு அழுத்திய இடம் சட்டைக்குள் எரிந்தது. பின்னால் ஒரு வேன் விடாமல் ஹாரன் அடித்தது. அவர் ஓரம் ஒதுங்கவில்லை. தூண் யாருது என்று இன்னொரு தடவை, இப்போது தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, தோள் மாற்றிக்கொண்டு போனார்.