ஒரு அண்டா சுடுதண்ணீர்

கோழி பொரிக்கும் கடையின் முதலாளிக்குக் கடை சாத்துமுன் ஒரு வேலை உண்டு. வாணலியில் தேங்கிய எண்ணெயைக் கழுவுதொட்டியில் கவிழ்ப்பார். பின்னாலேயே ஒரு அண்டா கொதிக்கும் தண்ணீர். குழாய் கடகடவென்று விழுங்கும். கண்ணுக்கு மறைந்தால் போதும், அவருக்கு அது கரைந்த மாதிரி.

"அது கரையலைங்க, உருகுது. கொஞ்ச தூரம் போய் ஆறினதும் கெட்டியாயிடும். எண்ணெயைத் தனியாப் பிடிக்கிற தொட்டி ஒண்ணு வைங்க" என்று மனைவி சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

"உள்ள போய்ப் பாத்தியா நீ? போகுதுல்ல, விடு!"

பாவி மனுஷன்! கொழுப்புக்கும் தண்ணீருக்கும் என்றைக்கு ஒத்துப்போயிருக்கிறது? கொழுப்பு மூலக்கூறின் வால் போன்ற நீண்ட பகுதி தண்ணீரைக் கண்டாலே ஒதுங்கும். தன் இனத்தோடுதான் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டி ஒட்டிக் குழாய்க்குள் கல்லாக வளர்ந்துவிட்டது. ஒருநாள் காலை சாக்கடைத் தண்ணீர் எதிர்த்துக்கொண்டு சமையலறைக்குள்ளேயே வந்து நின்றது.

அடைப்பு எடுப்பவரைக் கூப்பிட்டார்கள். கடைக்குப் பின்னால், கழுவுதொட்டிக் குழாய் வந்து விழும் குழியில், வெற்றுடம்போடு, இடுப்பளவு கழிவில் இறங்கினார் அவர். கையுறை இல்லை, கண்ணுக்குக் கண்ணாடி இல்லை. முதலாளி அதைக் கேட்கவும் இல்லை. அடைப்பு எடுப்பவர் குழாய் வாய்க்கு நேரே முகத்தை வைத்துக் கம்பியால் குத்திக்கொண்டிருந்தார்.

"ஆச்சாய்யா? மத்தியானக் கூட்டம் வந்துடும்!"

"பாதி விட்டுடுச்சுங்க. கொஞ்சம் பொறுங்க."

பொறுக்குமா முதலாளிக்கு? விறுவிறுவென்று உள்ளே போனார். அடுப்பில் அண்டாத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. நாமும் ஒரு கை கொடுப்போமே என்று அதைத் தூக்கித் தொட்டியில் சாய்த்தார்.

குழியிலிருந்து வந்த அலறலில் தெருவே கூடிவிட்டது. அந்த மனிதரை வெளியே தூக்கிப் போட்டுக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். தண்ணீர் வழிந்தோடியது, உருகிய கொழுப்பு முகத்தை விடவில்லை. இரண்டு கண்ணும் போயிற்று.

ஆஸ்பத்திரி வராந்தாவில், அடைப்பு எடுப்பவரின் மனைவி முன் முதலாளி கைகூப்பி நின்றார். "பழக்கதோஷம்மா... தினமும் எண்ணெயைக் கொட்டிட்டுச் சுடுதண்ணி ஊத்துவேன்... அடைப்பு கரைஞ்சிடும்னு நெனச்சுதான்..."

அவள் அழக்கூட இல்லை.

"எதுவும் கரையலைங்க. நீங்க தினம் தள்ளிவிட்டதெல்லாம் அங்கயேதான் இருந்துச்சு, என் புருஷன் வந்து மூஞ்சியில வாங்கிக்கிற வரைக்கும். இனியாவது தெரிஞ்சுக்கங்க. கண்ணை விட்டு மறைஞ்சதெல்லாம் காணாமப் போயிடாது. இன்னொருத்தன் தலையிலதான் விடியும்."