மெயின்லேண்டுக்குப் போகாத தலை

ஸ்கேன் ஃபிலிமை ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தான் ஸ்ரீதர். கீழே, ஐஸ் பெட்டிக்குள், அந்தப் படத்துக்குரிய தலை மூக்கில் பஞ்சோடு படுத்திருந்தது.

“யே தேக்கோ தாதா, வெள்ளையா ஒரு திட்டு தெரியுதா? இதுதான் ரத்தம். லெஃப்ட் சைடு ஃபுல்லா,” என்றான் பக்கத்து வீட்டு வங்காளியிடம். வங்காளி தன் தலையில் ஒரு பக்கத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மங்கையர்க்கரசி, தம்பியை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

ஸ்ரீதருக்கு நரம்பு வைத்தியம் முதுகு வழியாக வந்தது. இடுப்பில் டிஸ்க் விலகி, தீவை விட்டுக் கடல் தாண்டி மெயின்லேண்டுக்குப் போனான். போகும்போது நோயாளி, ஆபரேஷன் முடிந்து திரும்பும்போது ஸ்பெஷலிஸ்ட். அதற்கப்புறம் அவர்கள் இருக்கும் டாலிகஞ்சில் யாருக்குக் கால் மரத்தாலும் கண் துடித்தாலும் முதல் அபிப்பிராயம் அவனுடையதுதான். தீவில் மாடி வீடு கட்டினவனைவிட, சென்னையில் உடம்பைத் திறந்து காட்டிவிட்டு வந்தவனுக்கு மரியாதை ஒரு படி கூடுதல்.

அக்காள் புருஷன் ஜம்புலிங்கம் தலை வலிக்கிறது, கிறுகிறுக்கிறது என்றபோதும் அவன்தான் பார்த்தான். பின்கழுத்தை இரண்டு விரலால் அழுத்தி, “கழுத்தெலும்பு தேய்மானம் அத்தான். பிரஷரெல்லாம் ஒண்ணுமில்ல,” என்று தீர்ப்புச் சொன்னான். எதற்கும் இருக்கட்டுமென்று வாங்கி வைத்திருந்த கழுத்துப் பட்டையைத் தன் கையாலேயே மாட்டிவிட்டான்.

கான்ட்ராக்டர் ஜம்புலிங்கம் பட்டையோடு குட்வில் எஸ்டேட் சைட்டுக்குப் போனார். அவரால் குனிந்து பார்க்க முடியாததால், கொத்தனார்கள் தரையை அவரவர் மனசாட்சிப்படி போட்டார்கள். வாய்க்குத்தான் பட்டை இல்லை, சைட்டிலும் சரி, வீட்டிலும் சரி. நேற்று மத்தியானம் மேஸ்திரி ராக்கப்பனைத் தமிழில் திட்ட ஆரம்பித்து, இந்திக்கு மாறி, பாதி வசவில் சாய்ந்தார். ராத்திரிக்குள் முடிந்துவிட்டது.

அந்தப் பட்டையை இப்போது வீட்டில் காணோம். எடுத்துப்போனது யாரென்று மங்கையர்க்கரசிக்குத் தெரியும். கேட்கவில்லை.

வந்தவர்களெல்லாம் மாலை போட்டார்கள், மூக்கைச் சிந்தினார்கள், அப்புறம் முதல் ஆளாக வந்த எதிர்வீட்டு ரெங்கம்மா கேட்ட அதே கேள்வியைக் கேட்டார்கள்: “மெயின்லேண்டுக்குக் கொண்டு போகலையாக்கா?”

“இல்ல,” என்றாள் ஒவ்வொருவரிடமும்.

இவர்களுக்கெல்லாம் அவள் பயப்படவில்லை. சென்னையிலிருந்து மகன் பாலகுமார் வந்துகொண்டிருந்தான். இங்கே கொண்டு வாங்க என்று நேற்றுப் போனில் கெஞ்சியவன். வேண்டாமென்று சொன்னது யாரென்று அவனுக்குத் தெரியாது.

காலை ஃப்ளைட்டில் வந்தான். பெட்டியின் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றான். ஸ்ரீதர் அவனையும் விடவில்லை.

“மாப்ள, இங்க பாரு. அப்பாவுக்கு என்ன ஆச்சுன்னு சயின்டிஃபிக்கா சொல்றேன்.”

பாலகுமார் படத்தைப் பார்த்தான். “எழுத்தெல்லாம் தலைகீழா இருக்கு மாமா.”

ஃபிலிம் மெல்ல இறங்கியது. வங்காளி தன் கையைத் தலையின் அடுத்த பக்கத்துக்கு மாற்றிக்கொண்டார்.

ஸ்ரீதருக்கு முகம் சுண்டிவிட்டது. “படம் எப்படி இருந்தா என்ன? ப்ளேன்ல ஸ்ட்ரெச்சர் போட சீட்டெல்லாம் பேசி வச்சவன் நான். வேணாம்னது உங்கம்மா. கேளு.”

ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

“நீயாம்மா?”

“ஆமா. நாந்தான்.”

“ஏன்?”

“இங்க ஆஸ்பத்திரியிலருந்தே படத்த அனுப்புனாங்க. மெட்ராஸ்ல மூளை ஆபரேஷன் பண்ற டாக்டரு பாத்துட்டு எங்கிட்டப் பேசுனாரு. நல்ல மனுசன், பொறுமையாத்தான் சொன்னாரு. மண்டையத் தொறந்து ரத்தத்த எடுக்கலாம்மா, உசுரு நின்னாலும் நிக்கும், ஆனா பேச்சு வராது, நாம பேசறதும் வெளங்காதுன்னாரு. ஏதாச்சும் கேக்கணுமான்னாரு.”

“என்ன கேட்ட?”

அவள் சேலைத் தலைப்பின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“எந்திரிச்சா என்னத் திட்டுவாரான்னு கேட்டேன்.”

பெண்கள் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்து, அதை இருமலாக்கினார்கள்.

“லைன் போயிருச்சோன்னு பாத்தேன். அப்புறமா, ‘இல்லம்மா, அது இனிமே வராது’ன்னாரு. சரி, திட்டாம அவரு இருக்கமாட்டாரு, இங்கயே இருக்கட்டும் டாக்டர்னு வச்சிட்டேன்.”

மகனை நிமிர்ந்து பார்க்க அவளுக்குத் தைரியமில்லை. எதிரே அவனுடைய பாதங்கள் மட்டும் தெரிந்தன. அவை அசையவில்லை.

“இருந்தாலும் மெயின்லேண்டுல ஒரு செகண்ட் ஒப்பீனியன்...” என்று ஸ்ரீதர் தொடங்கினான்.

“மாமா, ரொம்ப நேரமா நிக்கிறீங்க. இடுப்பு வலிக்கும், உக்காருங்க.”

ஸ்ரீதர் உட்கார்ந்தான். இடுப்பில் கை வைத்தபடி, உண்மையாகவே வலிக்கிறவன் போல.

பாதங்கள் நகர்ந்தன. பாலகுமார் பெட்டியைச் சுற்றி வந்து, அம்மாவின் பக்கத்தில், முழங்கால் இடிக்கச் சம்மணமிட்டான். ரெங்கம்மா தன் வீட்டிலிருந்து போட்டு வந்த டீயை மங்கையர்க்கரசியின் கையில் திணித்தாள். அவள் டம்ளரைச் சும்மா பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் அதை வாங்கி, வாய் வைத்துப் பாதி குடித்தான். மீதியை அவள் கையில் திருப்பி வைத்தான்.

எச்சில் பார்க்கிற வீடு அது. அவள் விளிம்பைத் துடைக்காமல் குடித்தாள்.