துக்கத்துக்கு ஒரு மிஸ்டு கால்

வமாலாவின் பழைய போன் ஊமையாகி எவ்வளவு காலம் ஆனது என்று அவனுக்கே தெரியாது. தெரியவேண்டிய அவசியம் வந்ததில்லை. அவன் யாரிடமும் பேசுவதில்லை, மிஸ்டு கால்தான் கொடுப்பான். எனக்கு ஒரு மணி அடித்தால் கடைக்குச் சாப்பாடு கொண்டு வா என்று பொருள். இரண்டு அடித்தால் குழம்பைத் தாராளமாக ஊற்று. ஆரம்பத்தில் என்னமோ ஏதோ என்று பதறித் திருப்பிக் கூப்பிட்டவர்கள் எல்லாம் நாளடைவில் விட்டுவிட்டார்கள். அதனால் அந்தப் போனில் இவன் பேச்சு அந்தப் பக்கம் போவதில்லை என்பது ஒருவருக்கும் தெரியாமலே இருந்தது.

கம்பாலாவில் கிசெக்கா சந்தையில் அவனுக்குப் பழைய கார் கண்ணாடிக் கடை. அவன் வாசலை ஒட்டி என் சாப்பாட்டுக் கடை. காலையில் வாழைக்காயும் குடலும் குழைய வேகவைத்த கட்டோகோ, மத்தியானம் வாழைக்காயை அவித்து மசித்த மட்டோக்கேயும் வேர்க்கடலைக் குழம்பும். அவன் மனைவி நந்தவுலா என் சிநேகிதி. கல்யாணத்துக்கு முன் என்னைத்தான் கேட்டாள், ஆள் எப்படி அக்கா என்று. குடிக்க மாட்டான், அடிக்க மாட்டான் என்றேன். கொடுக்கவும் மாட்டான் என்பதைச் சொல்ல விட்டுப்போயிற்று.

மிஸ்டு காலுக்கும் எங்கள் பக்கம் ஒரு மரியாதை உண்டு. இல்லாதவன் இருப்பவனுக்குக் கொடுக்கலாம். படிக்கிற மகள் அப்பனுக்குக் கொடுக்கலாம். ஒரு பெண்ணை விரும்புகிறவன் அவளுக்குக் கொடுத்தால் அன்றோடு கதை முடிந்தது. பெண் கொடுத்த வீட்டுக்கோ, உயிரே போனாலும் கொடுக்கக் கூடாது. வமாலாவோ ஓர் உயிர் போனதற்கே கொடுத்தான்.

மசாக்காவில் அவன் மாமியாரின் அண்ணன் செத்துப்போனார். நந்தவுலா முதல் பஸ்ஸில் போய்விட்டாள். கடையை விட்டு வர முடியாது, போனிலே துக்கம் கேட்டுக்கொள்கிறேன் என்று இவன் தங்கிவிட்டான். கேட்டான். ஒரு மணி அடித்து வைத்தான். ஒப்பாரிக்கு நடுவில் போனைப் பார்த்த மாமியார், மாப்பிள்ளைக்கு என்ன அவசரமோ என்று எழுந்து வெளியே வந்து தன் காசில் திருப்பிக் கூப்பிட்டாள். இவன் தொண்டை கிழிய அனுதாபம் சொல்லியிருக்கிறான். அந்த அம்மாளுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள், அப்போதும் இல்லை. மாப்பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அந்த அம்மாள் புதிதாக ஓர் அழுகையைத் தொடங்க, துக்கத்துக்கு வந்தவர்கள் எந்தச் சாவுக்கு அழுவது என்று புரியாமல் சேர்ந்து அழுதிருக்கிறார்கள்.

நந்தவுலா நடுங்கிக்கொண்டு எனக்குக் கூப்பிட்டாள். நான் கரண்டியோடு ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன்.

"நல்லாத்தான் இருக்கான். சாப்பிட்டுட்டிருக்கான்" என்றேன்.

அவள் போனை வைத்துவிட்டாள். அடக்கம் முடிந்து எல்லோரும் திரும்பினார்கள், அவள் திரும்பவில்லை. புருஷனோடு மனஸ்தாபம் என்றால் பெண் தாய் வீட்டில் உட்கார்ந்துகொள்வதும், புருஷன் போய்க் கெஞ்சி அழைத்து வருவதும் எங்களிடம் வழக்கம்தான். ஆனால் இவள் அவனை நேரில் வரவும் வேண்டாம் என்றாள். வந்தாலும் எங்கள் முறைப்படி மாமியார் முகத்தை மருமகன் பார்க்கக் கூடாது. இரண்டு பேருக்கும் நடுவில் எப்போதும் ஒரு கதவு வேண்டும். அதனால் அவள் என் மூலமாகச் சொல்லி அனுப்பியது ஒன்றே ஒன்றுதான். அவர் தன் சொந்தக் காசில் எங்கம்மாவுக்குப் போன் போட வேண்டும். முறையாக நலம் விசாரித்து மன்னிப்புக் கேட்க வேண்டும். அப்புறம்தான் மற்றது.

வமாலா அழுதான். நிஜமாகவே அழுதான். வீட்டில் அடுப்பு எரியவில்லை, படுக்கை பெரிதாகிவிட்டது என்றான். எனக்கு மனசு கேட்கவில்லை. அவன் போனில் பேசிப் பார்த்ததில் அது ஊமை என்பது அப்போதுதான் தெரிந்தது. வா, நல்ல போனாக ஒன்று வாங்கலாம் என்று கடையைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன். அது என் புத்தி.

போன் கடைத்தெருவில் ஒவ்வொரு கடை வாசலிலும் இரண்டு பேர் நின்று சட்டையைப் பிடித்து இழுக்கிறார்கள். முதல் கடைக்காரன் ஒரு போனைக் காட்டி இதில் நான்கு கேமரா என்றான். இதுல பேச முடியுமா என்று வமாலா கேட்டான். கடைக்காரன் சிரித்துவிட்டு, மாமியார் முகத்தையே பார்த்துப் பேசலாம் பெரியவரே என்றான். வமாலா போனைக் கீழே வைத்துவிட்டான். விரல் தவறி வீடியோ வந்து அத்தை முகம் அரையடி தூரத்தில் தெரிந்தால் ஆயுசுக்கும் கை நடுங்கும், பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள் என்றான். எங்கள் குலத்தில் அந்த விதிக்கு அவனளவு பயந்தவன் கிடையாது. விலையைக் கேட்ட பிறகு அந்தப் பயம் இன்னும் பக்தியாக மாறியது.

இரண்டாவது கடையில் தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி அடைக்கிற போன். ஒரு நாள் கட்டாவிட்டால் அது தானாகவே பூட்டிக்கொள்ளும் என்றான் கடைக்காரன். போன் எப்படிப் பூட்டிக்கொள்ளும் என்று வமாலாவுக்கு ஆச்சரியம்.

"உன் பொண்டாட்டி பூட்டிக்கலியா? அது மாதிரிதான்" என்றேன்.

ஏழெட்டுக் கடை ஏறி இறங்கினோம். ஒன்றில் பேட்டரி பெரிது, சத்தம் சிறிது. ஒன்றில் எல்லாம் இருந்தது, பெட்டிக்குள் சார்ஜர் மட்டும் இல்லை. அது தனி விலையாம். கடைசியில் டார்ச்சும் ரேடியோவும் வைத்த ஒரு பட்டன் போனை எடுத்தான். எவ்வளவு நாளைக்கு உத்தரவாதம் என்று நான் கேட்டதற்குக் கடைக்காரன் கைக்குட்டையால் போனைத் துடைத்துக் கொடுத்தான். அதுதான் பதில்.

போனாவது கையில் பிடித்துப் பார்க்கிற சாமான். பேச்சுப் பேக் என்று ஒன்று இருக்கிறதே, அதை எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ. எங்கள் சந்தைக்கு எதிரே குடைக்குக் கீழே உட்கார்ந்து அப்பியோ என்ற பெண் இரண்டு கம்பெனிக்கும் பேக் போட்டுக் கொடுக்கிறாள். ஒன்று எங்கோமா, முரசு படம் போட்டது. இன்னொன்று கொக்குப் படம் போட்டது. முரசில் நிமிஷம் மலிவு, ஆனால் முரசிலிருந்து முரசுக்கு மட்டும். மாமியார் வைத்திருப்பதோ கொக்கு. கொக்கில் ஒரு பேக் அள்ளிக் கொடுத்தது, ஆனால் நள்ளிரவுக்கு மேல் விடிவதற்குள் பேசி முடிக்க வேண்டும். மாமியாரை மூன்றாம் ஜாமத்தில் எழுப்பி மன்னிப்புக் கேட்டால் இன்னொரு சாவு விழும். அளவில்லாப் பேச்சு என்று பெரிய எழுத்தில் ஒன்று. அதற்குக் கீழே எறும்பு எழுத்தில் அளவு போட்டிருந்தது. கொக்குத் தலையில் வெண்ணெய் வைத்துப் பிடிக்கிறது என்பார்கள். இங்கே வெண்ணெய் நம் தலையில்.

அப்பியோ பொறுமையான பெண். அவளே கடைசியில், அண்ணே, பத்து நிமிஷம் வேணுமா, இருபது வேணுமா, அதை மட்டும் சொல்லுங்க என்றாள். இருபது எடு என்று நான் அடித்துக்கொண்டேன்.

"மன்னிப்புக் கேக்க எவ்ளோ நேரம் ஆகும்க்கா? நான் ஒத்திகை பாத்துட்டேன். ரெண்டு நிமிஷம். மிச்சத்தை என்ன பண்றது?"

"பேசிப் பழகு."

"நடுராத்திரியோட செத்துப்போயிடும்க்கா அது. வீண்தானே?"

பத்து நிமிஷம் வாங்கினான். சாயங்காலம் கடையில் கோட்டுப் போட்டுக்கொண்டு, பித்தானை மாட்டிக்கொண்டு, நான் சாட்சியாக முக்காலியில் உட்கார, போனைப் போட்டான். மாமியார் எடுத்தாள். அங்கே எல்லாரும் எப்படி இருக்கீங்க என்றான். நல்லா இருக்கோம், அங்கே எப்படி என்றாள். நல்லா இருக்கோம். ம்ம். ம்ம். வேலையெல்லாம் எப்படி? நடக்குது. பாடுபடறீங்க, சந்தோஷம். நீங்களும். ம்ம். ம்ம். ஆடு மாடு? இருக்கு. மழை? பெஞ்சுது. அக்கம்பக்கம்? அவங்களும் இருக்காங்க. எங்கள் மரியாதையில் பாதி இந்த ம்ம்-களில்தான் இருக்கிறது. ஒன்றை விட்டாலும் குறைச்சல். அந்த அம்மாள் சாவு வீட்டுக்காரி, வரிசையாக ஒவ்வொரு சொந்தத்தின் பேரையும் சொல்லி நலம் கேட்டாள். இவன் நெற்றியில் வியர்வை வழிந்தது. ஒரு வழியாகத் தொண்டையைச் செருமி, "அத்தை, அன்னைக்கு ஒரு தப்பு" என்றான். போன் கட்டாகிவிட்டது.

அத்தோடு போயிருந்தாலும் பரவாயில்லை. பேக் தீர்ந்தால் கொக்குக் கம்பெனி இலவசமாக ஓர் உபகாரம் செய்யுமாம், அது எறும்பு எழுத்தில் இருந்திருக்கிறது. எதிராளிக்குத் தானாக ஒரு செய்தி போகும்: இந்த வாடிக்கையாளர் உங்களை அழைக்கச் சொல்கிறார், கட்டணம் உங்களுடையது.

போன் அடித்தது. மாமியார்தான். வமாலா கை நடுங்க எடுத்தான். வீடியோ இல்லாமலே நடுங்கியது. அந்தப் போனில் சத்தம் மட்டும் பிரமாதம், எனக்கே தெளிவாகக் கேட்டது.

"மாப்பிள்ளை, இது என் காசு. அதனால நான் பேசறேன், நீங்க கேளுங்க. என் பொண்ணைக் காசு குடுத்து வாங்கலை நீங்க, கும்பிட்டுக் கேட்டு வாங்கினீங்க. இனிமே நீங்க இங்க கூப்பிட வேண்டாம். அவ மனசு ஆறினா உங்களுக்கு ஒரு மிஸ்டு கால் குடுப்பா. அந்த நிமிஷமே உங்க காசுல அவளைத் திருப்பிக் கூப்பிடுங்க. கூப்பிட்டா அன்னைக்கே பெட்டி கட்டுவா. கூப்பிடலேன்னா பொண்ணு இங்கயே இருக்கட்டும். எனக்குச் சோறு போடத் தெரியும்."

வைத்துவிட்டாள். எனக்கு எழுந்து கை தட்ட வேண்டும் போலிருந்தது.

அதற்குப் பிறகு வமாலா மாறிவிட்டான் என்றே நினைத்தேன். காலையில் எழுந்ததும் அப்பியோவிடம் ஒரு நாள் பேக். போனைச் சட்டைப் பையில் வைத்து அடிக்கடி தொட்டுப் பார்ப்பான். மிஸ்டு கால் வரவில்லை. நள்ளிரவில் பேக் செத்துப்போகும். காலையில் மறுபடி ஒன்று. பேசாத பேச்சுக்கு ஏன் காசு, மிச்ச நிமிஷத்தை நாளைக்குத் தள்ளினால் இவர்கள் சொத்தா அழிந்துவிடும் என்று என்னிடம் வந்து புலம்புவான். நியாயமான கேள்விதான். மாதப் பேக் போடேன் என்றேன். மாதம் முடிவதற்கு முன்னாடியே அவள் கூப்பிட்டுவிட்டால் மீதி நாள் நஷ்டம் இல்லையா என்றான். அவள் வரவேண்டும் என்று உருகுகிறவனும் இவன்தான், வந்துவிட்டால் நஷ்டம் என்று கணக்குப் போடுகிறவனும் இவன்தான். இரண்டு பேரும் ஒரே கோட்டுக்குள் இருந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை அவன் பேக் போடவில்லை. மசாக்காவில் அன்றைக்கு அவர்கள் சொந்தத்தில் ஒரு பெண் கொடுக்கிற சடங்கு. வீடு முழுக்க விருந்தாளிகள், இவளுக்கு என்னை நினைக்க எங்கே நேரம் என்றான். நான் அரிசி கழுவிக்கொண்டிருந்தேன், சரியாகக் காதில் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் கரண்டி நெளிந்திருக்கும்.

மத்தியானம் அவன் என் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் ஒரு தரம் அடித்து நின்றது. எடுத்துப் பார்த்தான். நந்தவுலா.

பிசைந்த கையோடு என்னைப் பார்த்தான். "அக்கா, உன் போனை ஒரு நிமிஷம் குடு."

"சொந்தக் காசுன்னு சொன்னாங்கடா. என் பேரைப் பாத்தா அவ வெச்சிடுவா. ஓடு, அப்பியோகிட்ட ஓடு."

ஓடினான். கை கழுவாமல் ஓடினான், அதற்காக அவனை அந்த நிமிஷம் எனக்குப் பிடித்தது. அடுப்பைத் தணித்துவிட்டு நானும் பின்னாலேயே போனேன். நான் சேரும்போது அவன் குடைக்குக் கீழே நின்று பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வா-ன்னு சொல்ல ஒரு நிமிஷம் போதும்" என்று அப்பியோவிடம் சொல்லிக்கொண்டிருந்தான். "ஆனா அவ அழுதா நீளும். பஸ் எத்தனை மணிக்குன்னு வேற கேக்கணும். சின்னதா ரெண்டு போடறது லாபமா, பெருசா ஒண்ணு போடறது லாபமா?"

அப்பியோ என்னைப் பார்த்தாள். அவன் கையிலிருந்த போன் மறுபடி ஒரே ஒரு மணி அடித்து நின்றது. இரு, அதான் வாங்கிட்டிருக்கேன் என்று போனிடம் சொன்னான்.

"ஏதாவது ஒண்ணைப் போடுடா பாவி" என்றேன். போட்டான். நம்பரை அழுத்தினான்.

அதே நேரம் என் இடுப்பில் சொருகியிருந்த போன் அடித்தது. நின்றுவிடும் என்று பார்த்தேன். நிற்கவில்லை. எடுத்தேன். நந்தவுலா, அவள் காசில். பின்னால் முரசும் பெண்கள் குலவையும் கேட்டன. அவள் குரல் மட்டும் சின்னதாக இருந்தது.

"அக்கா, ரெண்டு தடவை குடுத்துட்டேன். அவருக்கு ஒண்ணும் ஆயிடலையே?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். யோசித்தேன் என்பதற்கே எனக்கு என் மேல் கோபம் வந்தது.

"நல்லாத்தான் இருக்கான்" என்றேன். "எந்தப் பேக் மலிவுன்னு பாத்துட்டு நின்னான்."

முரசுச் சத்தத்தை மீறி யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். பிறகு, சரிக்கா, வெச்சிடறேன், இலை போடப் போறாங்க என்றாள்.

வமாலா போனைக் காதிலிருந்து எடுத்து, திரையைப் பார்த்து, மறுபடி காதில் வைத்தான்.

"லைன் பிஸின்னு வருதுக்கா" என்றான். "பிஸியா இருந்தா நிமிஷம் கழிக்க மாட்டாங்கல்ல?"