ஏழு அறை, ஒரே கோழி

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால் மித் சஃப்வானுக்கு வரும் நான்கு மணி ரயில் என் கழுத்தின் மேல் ஏறட்டும். ரொட்டியின் மேல் ஆணை, உப்பின் மேல் ஆணை, இரண்டு கண்ணின் மேலும் ஆணை. கூட்டிச் சொல்லவில்லை. எங்காவது குறைத்துச் சொல்லியிருந்தால் அது பஸ்யூனி ஹாஜியார் மேல் உள்ள இரக்கத்தால்.

எங்கள் ஊர் மித் சஃப்வான். அதன் ஸ்டேஷனுக்கு எதிரே 'இதய ஒளி' என்று ஒரு சங்கம். பார்வையற்றவர்களுக்கும் பாதிப் பார்வை உள்ளவர்களுக்கும் என்று வாசலில் பெரிய பலகை தொங்குகிறது. தலைவர் பஸ்யூனி ஹாஜியார், குளியலறை டைல்ஸ் வியாபாரி. அவர் தர்மத்துக்கு அளவே கிடையாது. ஒரு ரமலானுக்குச் சங்கத்தில் இருந்த எல்லாக் குருடர்களுக்கும் வண்ணக் கண்ணாடி விளக்கு கொடுத்தார். அடுத்த வருஷம் சுவர்க் காலண்டர். மாதத்துக்கு ஒரு படம், பன்னிரண்டிலும் ஹாஜியாரே. அதற்கடுத்த வருஷம் கழுவுதொட்டிக்கு மேலே ஆளுயரக் கண்ணாடி ஒன்று மாட்டி, ரிப்பன் வெட்டித் திறந்து வைத்தார். கேமராவைக் கண்டால் அவர் கண்ணில் நீர் திரளும். கேமரா போனதும் அதே நீர் ஒரு சொட்டு வீணாகாமல் உள்ளே திரும்பிவிடும்.

குருடர்களுக்கு வழி காட்டுவதில் கமிட்டிக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே பாணி. மணிக்கட்டைப் பிடித்து, களவு போன ஆட்டை மீட்டு வருவதுபோல் இழுப்பார்கள். தெருவைக் கடக்க விரும்பாதவர்களையும் கடத்திவிடுவார்கள். கல்லறைக்குப் போகப் புறப்பட்டுக் கல்யாண வீட்டில் உட்கார்ந்துவிட்டு வந்தவர்கள் சங்கத்தில் உண்டு.

இந்தச் சங்கத்தில் அவதல்லா என்று ஓர் உறுப்பினன். நாற்பதைத் தாண்டிய தனிக்கட்டை, யாரையும் மதிக்காத மூக்கு. அவனுக்கு உலகம் ஒரு சாவித் துவாரம். அந்தத் துவாரத்துக்குள் விழுவது துல்லியமாகத் தெரியும், வெளியே இருப்பது இல்லவே இல்லை. காப்பிக்கடையில் உட்கார்ந்து செய்தித்தாளின் மரண அறிவிப்புகளைக் கடைசிப் பொடி எழுத்துவரை படிப்பான். படித்து முடித்து எழுந்து நடந்தால் நடுத்தெருவில் நிற்கும் எருமையின் மேல் முட்டுவான். கமிட்டி இதை ஆராய்ந்தது. பேப்பர் படிப்பவன் குருடன் அல்ல, எருமையில் முட்டுபவன் கண் தெரிந்தவனும் அல்ல, ஆகவே இவன் கஞ்சா அடிக்கிறான் என்று முடிவு செய்தது.

"மனுஷன்னா ஒண்ணு குருடனா இரு, இல்ல கண்ணு தெரிஞ்சவனா இரு," என்றார் ஹாஜியார். "இந்த அரையும் குறையும் நம்ம சங்கத்துக்கு ஒத்து வராது."

"பாதிப் பார்வைன்னு நீங்கதான ஹாஜியாரே வாசல்ல எழுதிப் போட்டிருக்கீங்க?"

"அது பலகைக்கு."

அவதல்லா அந்தப் பதிலைப் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் ஸ்டேஷன் வாசலில் நின்ற பச்சைத் தகரப் பெட்டிக்கடை. பார்வையற்றவர் ஒருவர் பிழைக்கட்டும் என்று அமைச்சகம் சங்கத்துக்குத் தந்தது. வந்த நாளிலிருந்து பூட்டியே கிடந்தது. ஹாஜியார் அதைத் தன் மச்சானுக்கு என்று மனதில் வைத்திருந்தார். மச்சானுக்குக் கண் அவ்வளவு நன்றாகத் தெரியும், மசூதி மினாரில் உட்கார்ந்திருக்கும் புறா ஆணா பெண்ணா என்று தரையில் நின்றே சொல்வான். அவதல்லாவோ அக்கா வீட்டில் இருந்தான். ஒவ்வொரு வேளையும் அக்கா புருஷன் ரொட்டிக் கூடையை அவன் பக்கம் தள்ளி, "சாப்பிடு, சாப்பிடு, கண்ணுதான இல்ல, வாய் இருக்கே," என்பான். கடை கிடைத்தால் சொந்த ரொட்டி. கிடைக்காவிட்டால் சாகும்வரை அந்தக் கூடை. அவதல்லாவின் வாழ்க்கையில் இருந்தது இவ்வளவுதான்.

அந்த நேரத்தில் கெய்ரோவிலிருந்து சேதி வந்தது. அமைச்சகத்தின் இன்ஷிராஹ் அம்மையார் நேரில் வருகிறார், சங்கத்தின் ஏழு அறைகளையும் பார்த்துவிட்டு, கடை யாருக்கு என்றும் அவரே சொல்லுவார் என்று.

ஹாஜியாருக்கு வேர்த்த வேர்வையில் அவர் அங்கியைப் பிழிந்து ஒரு நெல்வயலுக்குப் பாய்ச்சியிருக்கலாம். ஏழு அறை இருப்பதாக அமைச்சகத்திடம் சொன்னவர் அவர்தான். நூலகம், மருத்துவ அறை, கம்ப்யூட்டர் அறை, புடைப்பெழுத்து அச்சகம், இசை, உடற்பயிற்சி, ஓய்வறை. உண்மையில் இருந்தது ஓர் அறை. அதற்கு இரண்டு கதவு. ஒன்றின் வழியே வெளியேறினால் நடைபாதை, நடைபாதை போய் முடியும் இடத்தில் பின்முற்றம், முற்றத்தில் ஒரு கோழி, முற்றத்தைச் சுற்றி வந்தால் அதே அறையின் இன்னொரு கதவு.

செயலாளர் நஷ்அத் வாத்தியார் தேதியைத் தள்ளிப் போடலாம் என்றார். ஹாஜியாருக்கு அதைவிடப் பெரிய மூளை. வருகிறவர்கள் எல்லோரும் கண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும். குருடர்களின் துயரத்தை ஒரு மணி நேரம் அனுபவித்துப் பார்க்க வேண்டும். கண் கட்டிய தலைவரைக் குருடன் கைப்பிடித்து நடத்திச் செல்லும் படம் பத்திரிகையில் வரும். அம்மையார் ஏழு அறையையும் காதாலும் கையாலும் மூக்காலும் பார்த்துவிட்டுப் போவார்.

நடத்திச் செல்ல ஆள் வேண்டுமே. முழுக் குருடன் கேமராவைத் தேடிச் சுவரில் மோதுவான். கண் தெரிந்தவன் படத்தில் கண் தெரிந்தவன் மாதிரியே விழுவான். அன்று முதன்முறையாகக் கமிட்டி, பாதிப் பார்வை என்று ஒன்று உலகத்தில் உண்டு என்று ஏகமனதாக ஒப்புக்கொண்டது.

"வாயத் தொறக்காம கூட்டிட்டுப் போ," என்றார் ஹாஜியார், அவதல்லாவின் சட்டைக் காலரை நீவிக்கொண்டே. "கடை உனக்குத்தான்."

அறைக்குள் உட்கார்ந்து ஏழு அறையாக மாறும் வேலை தவ்ஹீதாவுக்கு. பிறவியிலேயே கண் இல்லாதவள், ஊரே அஞ்சும் வாய்க்காரி. முதலில் முடியாது என்றாள். பிறகு அவதல்லாவைப் பார்த்து, அதாவது அவன் இருமிய பக்கம் திரும்பி, "ஹாஜிக்காக இல்ல, உன் கடைக்காக ஒரு நாள் ஏழு பொம்பளையா இருந்து தொலைக்கிறேன்," என்றாள்.

அம்மையார் வந்த அன்று ஹாஜியார் கார்க் கதவைத் திறந்து, முதலில் இறங்கிய ஆளைக் கட்டித் தழுவிக் கன்னத்தில் முத்தமிட்டார். அவர் டிரைவர். பின்னால் இறங்கிய கறுப்புக் கண்ணாடி அம்மையாருக்குக் கை நீட்டினார். அம்மையார் அந்தக் கையைக் கண்டுகொள்ளாமல் பக்கத்துத் தூணுக்கு முகமன் சொன்னார். "பெரிய எடத்து மனுஷங்க நம்ம மூஞ்சிய எங்க பாக்குறாங்க," என்று ஹாஜியார் நஷ்அத்தின் காதில் பெருமையோடு சொன்னார். கண் கட்டும் கறுப்புத் துணியைத் தட்டில் வைத்து நீட்டி விஷயத்தை விளக்கியபோது அம்மையார் வெகுநேரம் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றாமலே அதன் மேல் துணியைக் கட்டச் சொன்னார். ஹாஜியார் தன் கண்ணையும் கட்டிக்கொண்டு அம்மையாருக்குப் பின்னால் நின்றார். அவர் தோளைப் பிடித்தபடி, தானும் கண்ணைக் கட்டிக்கொண்டு, வாலில் நஷ்அத் வாத்தியார்.

புறப்படும்போதே அவதல்லாவுக்கு ஏதோ உறுத்தியது. அம்மையார் அவன் மணிக்கட்டைப் பிடிக்கவில்லை. முழங்கைக்குச் சற்று மேலே, லேசாக விரல் வைத்து, அரையடி பின்தங்கி நடந்தார். அவன் படியில் இறங்குமுன்பே அவர் பாதம் படியை அறிந்திருந்தது. கண் கட்டிய கண்ணுள்ளவர்கள் முன்னால் கை நீட்டிக் காற்றைப் பிசைவார்கள். இந்த அம்மையார் கை சும்மா கிடந்தது.

அறைக்குள் பழைய காகித மணம். "நூலகம்," என்று ஹாஜியார் பின்னாலிருந்து முழங்கினார். முற்றம், கோழி, கதவு. அறைக்குள் டெட்டால் மணம், தவ்ஹீதாவின் இருமல். "மருத்துவ அறை." மறுபடி முற்றம், மறுபடி கோழி. பிஸ்கட் டப்பாவில் தவ்ஹீதாவின் விரல்கள் பறந்தன. "கம்ப்யூட்டர், அத்தனையும் புதுசு."

அச்சகத்துக்குப் போகும் வழியில் விபரீதம் நடந்தது. இருட்டில் சுற்றிச் சுற்றி நடந்த ஹாஜியார் தானே நம்பத் தொடங்கிவிட்டார். இத்தனை அறைகளையும் கட்டி முடிக்கத் தான் பட்ட பாட்டை நினைத்துக் குரல் தழுதழுத்தது. கேமரா இல்லாமல் அவர் அழுதது அன்றுதான். இசை அறை அச்சகத்தைவிடச் சின்னதாக இருக்கிறது என்று கொத்தனாரைத் திட்டினார். உடற்பயிற்சி அறையைக் கூட்டவில்லை என்று யாரையோ வேலையை விட்டு நீக்கினார். நஷ்அத் வாத்தியார் ஹாஜியாரின் தோளை எங்கோ தவறவிட்டு, தெருவில் இறங்கி, எதிரே கிடைத்த கைப்பிடியைப் பற்றி ஏறி, ஆடிக்கொண்டிருந்த ஓர் இருக்கையில் உட்கார்ந்தார். உடற்பயிற்சி அறை பிரமாதம் என்று எண்ணிக்கொண்டார். அது நான்கு மணி ரயில். அடுத்த பெரிய ஊரான தந்தாவில் டிக்கெட் பரிசோதகர் கண்கட்டை அவிழ்த்துவிட்ட பிறகுதான் இறங்கினார்.

முற்றத்தில், ஹாஜியார் கொத்தனாரைத் திட்டிக்கொண்டு நின்ற இடைவெளியில், அம்மையார் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"இந்தக் கோழி கத்துறத வந்ததுல இருந்து கேக்குறேன். உங்க சங்கத்துல மொத்தம் எத்தன கோழி தம்பி?"

அவதல்லா நின்றான். ஒவ்வொரு அறைக்கும் ஒரு கோழி என்று சொன்னால் போதும். பச்சைத் தகரக் கதவு திறந்துவிடும். அக்கா புருஷன் கூடையைத் தள்ளும் சத்தம் காதில் கேட்டது. கூடவே முழங்கைக்கு மேலே அந்த விரல்களின் லேசான கனமும் தெரிந்தது. அப்படிப் பிடிக்க யாரும் ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ள முடியாது. துவாரத்தைத் திருப்பி அம்மையாரின் முகத்தைத் தேடினான். முதலில் காது, பிறகு கன்னம். துணி மூக்கில் நழுவி இறங்கியிருந்தது. அதைச் சரிசெய்யவோ, இறங்கிய இடைவெளி வழியே எட்டிப் பார்க்கவோ அம்மையாருக்குத் தோன்றவே இல்லை.

"ஒண்ணுதான் அம்மா."

"அறை?"

"அதுவும் ஒண்ணுதான்."

"வாய மூடிக்க உனக்கு என்ன தர்றேன்னாரு?"

"பெட்டிக்கடை."

"அப்போ பேப்பர் படிச்சிட்டு எருமைல முட்டுறது நீதான்," என்றார் அம்மையார். "புகார் எங்க அமைச்சகம் வரைக்கும் வந்துச்சு. சரி, நட. மிச்ச ரூமையும் பாத்துருவோம், அந்தப் பொண்ணு பாவம் தயாரா ஒக்காந்திருக்கும்."

ஓய்வறையில் தவ்ஹீதா குறட்டை விட்டாள். அது நடிப்பல்ல.

எல்லாம் முடிந்து ஹாஜியார் கண்கட்டை அவிழ்த்தார். ஓர் அறை மட்டும் இருப்பதைக் கண்டு, மற்ற ஆறும் எங்கே என்று ஒரு கணம் திடுக்கிட்டுத்தான் போனார். வாசலில் காத்திருந்த பத்திரிகைக்காரன் உள்ளே வந்து கேமராவைத் தூக்கினான். உடனே அவருக்குக் கண் கலங்கியது.

"ஒரு மணி நேர இருட்டு அம்மாவுக்கு எப்படி இருந்துச்சு?"

அம்மையார் துணியை அவிழ்த்தார். பிறகு கண்ணாடியையும் கழற்றினார். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மூடிய இமைகள்தான் இருந்தன, சின்ன வயதிலேயே தைத்து ஆறியவை.

"பழகிப் போச்சு ஹாஜியார்," என்றார். "கெய்ரோல ஒரு தெருநாய் கூட என்னைப் பாத்ததும் வழி விட்டுரும். கண்ணு தெரியாதவங்களுக்குன்னு இத்தன வருஷமா சங்கம் நடத்துற நீங்க, என் கண்ணையே கட்டி விட்டீங்க."

ஹாஜியார் வாயைத் திறந்தபடி நின்றார். அதைப் பத்திரிகைக்காரன் படம் பிடித்தான். மறுநாள் அது 'மெய்சிலிர்த்த தலைவர்' என்ற தலைப்போடு வந்தது.

ஏழு அறை உள்ள பணக்காரச் சங்கத்துக்குத் தகரக் கடை எதற்கு என்று சொல்லி, அம்மையார் கடையைச் சங்கத்திடமிருந்து எடுத்துவிட்டார். சாவியை வாங்கி, அவதல்லாவின் உள்ளங்கையைத் தேடாமல் நேராக அதில் வைத்தார்.

ஹாஜியார் அதிலும் தோற்றுவிடவில்லை. கடைத் திறப்பு விழாவுக்குத் தானே வந்து, தன் அன்பளிப்பு என்று ஆளுயர எழுத்தில், தன் கடை டைல்ஸிலேயே பெயர் பதித்துவிட்டுப் போனார். அவதல்லாவின் சாவித் துவாரத்துக்குள் அந்த எழுத்து ஒன்றுகூட முழுதாக அடங்குவதில்லை. பொடி எழுத்தில் போட்டிருந்தால் படித்திருப்பேன் என்பான். ஹாஜியார் சிகரெட் கேட்டு வந்தால் முகத்துக்கு நேரே துவாரத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "யாருன்னு தெரியலயே," என்பான். தவ்ஹீதா கடைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரின் செருப்புச் சத்தத்தை வைத்து அவர்கள் குடும்பத்தை ஏசுவாள். அக்கா வீட்டு ரொட்டிக் கூடைப் பக்கம் அவன் அப்புறம் போகவே இல்லை. ரயிலிலிருந்து இறங்குகிறவர்கள் அவனிடம் புதினா டீயும் எள் பிஸ்கட்டும் வாங்காமல் ஊருக்குள் நுழைவதில்லை. நான்கு மணி வண்டிக்கு மட்டும் வரிசை மசூதி வரை நிற்கும்.

மித் சஃப்வானுக்கு இதுவரை யாரும் தண்டவாளம் போடவில்லை.