பேழைச் சேலைக்கு எந்தப் பொடி

முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கு முந்தின நாள் காலையில் ஓலைப் பேழையைத் திறந்தபோது, அரக்குப் பட்டுச் சேலையின் முந்தானையில் பாயசக் கறை இருந்தது. போன படைப்பில் யார் சிந்தியதென்று ஒருவருக்கும் நினைவில்லை.

அந்தக் குடும்பத்தில் தெய்வமாகிவிட்ட முன்னோர் ஒருத்தியின் சேலை அது. படைப்பு வந்தால் வெளியே எடுத்து, நனைத்து, உலர்த்தி, சாமிக்கு முன்னால் வைப்பார்கள். நனைக்கிற வேலை சௌபர்ணிகாவின் மாமியாருடையது. இந்த முறை அவர் கையில் மாவுக்கட்டு. சென்னையிலிருந்து வந்திருந்த நாத்தனார் தேனம்மை, வாஷிங் மெஷினில் போட்டுவிடலாம் என்றாள்.

அந்த மெஷின் சௌபர்ணிகாவின் சீர் சாமான்களோடு மானகிரியிலிருந்து வந்தது. அவளுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. சேலைக்கு ஏதாவது ஆனால், புது மருமகளின் மெஷினில்தான் போயிற்று என்று காலத்துக்கும் பேச்சு நிற்கும்.

தேனம்மை தான் கொண்டுவந்த கறை எடுக்கும் பொடியை மெஷினின் பொடிப் பெட்டியில் தாராளமாகக் கொட்டி, உள்ளே தள்ளினாள். கீழே வைத்த பாக்கெட்டின் பின்பக்கத்தை சௌபர்ணிகா படித்தாள். பட்டுக்கும் கம்பளிக்கும் ஆகாது என்று சின்ன எழுத்தில் இருந்தது. காரணம் அவள் கல்லூரியில் படித்ததுதான்: என்சைம். சொல்ல வாயெடுத்தாள். சுற்றிலும் உறவுக்காரர்கள். பாக்கெட்டை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

தேனம்மை பித்தானை அழுத்தினாள். டொக்கென்று கதவு பூட்டிக்கொண்டது. துணியின் எடையைப் பார்க்க டிரம் வெறுமனே சுற்றியது. தண்ணீர் இன்னும் இறங்கவில்லை. இறங்கினால் பொடியும் கூடவே இறங்கும்.

சௌபர்ணிகா போய் சுவிட்சை அணைத்தாள்.

“கரண்டு போச்சா?” என்றார் மாமியார்.

“நாந்தான் அமத்துனேன், அயித்தை.”

“உன் மெஷினை நான் தொடக்கூடாதாக்கும்” என்றாள் தேனம்மை.

“அப்படி இல்ல ஆச்சி. இது பால் கறையத் தின்கிற பொடி. பட்டும் பால் மாதிரி புரதந்தான். கறையோட சேத்து இழையையும் அரிச்சுரும். பழைய சேலை, தாங்காது.”

“எங்க வீட்டுல இதுதான் போடுறேன்.”

“பட்டுக்குப் போட்டீகளா?”

தேனம்மை கதவைப் பிடித்து இழுத்தாள். அது அசையவில்லை. கரண்டில் சூடேறிப் பிடிக்கிற பூட்டு, சூடு ஆறினால் தானாக விடும் என்று சௌபர்ணிகாவுக்குத் தெரியும். ஆனால் இந்தப் பூட்டு விடுமா? வட்டக் கண்ணாடியில் முந்தானை ஒட்டிக் கிடந்தது. மாமியார் நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் எதிரே உட்கார்ந்தார்.

டொக்.

சேலை காய்ந்தபடியே வெளியே வந்தது. மாமியார் முந்தானையைத் தடவிப் பார்த்தார்.

“கறை இருந்துட்டுப் போகுது. படைச்ச பாயசந்தானே. பச்சைத் தண்ணியில நனை, போதும்.”

கிணற்றடியில் நனைத்து, கொடியில் போடும்போது தேனம்மை மறுமுனையைப் பிடித்தாள். உதறியபடியே குரலைத் தாழ்த்தினாள்.

“போன மாசம் என் கூறைச் சேலையை இந்தப் பொடியில போட்டுட்டேன். மினுப்பே இல்ல. அம்மாட்டச் சொல்லிராத.”