பாலத்துக்கு முன்னால் நிற்கும் தூண்கள்

ஒலிபெருக்கியை ஓட்டோவின் கூரையில் இறுக்கிக் கட்டிவிட்டு, அறிவிப்புக்காரர் கொப்பியோடு பந்தலுக்குள் வந்தார். வயது, பெற்றோர் பேர், தகனம் எத்தனை மணிக்கு என்று கேட்டுக் கேட்டு எழுதினார். மேனுகாவின் சித்தப்பா கோகுலன்தான் பதில் சொன்னார். விறாந்தையில் அப்பா கிடந்தார். தலைமாட்டில் மேனுகா இருந்தாள். முதல் நாள் பின்னேரம் மல்லாவிச் சந்தையால் வந்தவர், நெஞ்சு அடைக்குது என்று தண்ணீர் கேட்டார். அவள் செம்போடு திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது.

“தொழில்?” என்றார் அறிவிப்புக்காரர்.

“பாலம் கட்டின எஞ்சினியர். வெளிநாட்டில பதினேழு வருசம்.”

மேனுகா நிமிர்ந்தாள். அவளுடைய கலியாணப் பேச்சு வந்தபோது இந்தப் பொய்யை முதலில் சொன்னதும் சித்தப்பாதான். மாப்பிள்ளையின் தகப்பன் ஐயாத்துரை அதை நம்பித்தான் ஓம் என்றார். கலியாணம் இன்னும் நடக்கவில்லை. இப்போது பந்தலில், அறிவிப்புக்காரருக்கு இரண்டு கதிரை தள்ளி அவர் இருந்தார். பொம்பிளை பார்க்க வந்த அன்று, எத்தனை பாலம் கட்டினீங்கள் என்று அவர் அப்பாவைக் கேட்டார். அப்பா எழும்பி, எல்லாரும் குடித்து முடித்த தேத்தண்ணிக் கோப்பைகளை அடுக்கத் தொடங்கினார். அதற்குப் பிறகு வெளிநாட்டுக் கதையே அவர் வாயில் வரவில்லை.

முன்பு நிறையக் கதைப்பார். அங்கே அவர் செய்தது, கடலில், பாலத் தூண்களுக்கு முன்னால் இரும்புக் குழாய்களை இறக்கிக் கொங்கிறீட் நிரப்பும் கூலிவேலை. வழி தவறி வரும் கப்பல் பாலத்தில் முட்டாமல் அவற்றில் முட்டி நிற்க வேண்டும். ஒருமுறை கப்பல் ஒன்று மோதி, ஆறு மாதம் இறக்கியவை எல்லாம் ஒடிந்து போயின. வேலை வீணாப் போச்சே என்று மேனுகா கேட்டாள்.

“வீணோ? மேல வாகனம் நிக்காமல் ஓடினது, பிள்ளை. கீழ நடந்தது ஒருத்தருக்கும் தெரியாது.”

சொல்லிவிட்டுத் தன்பாட்டில் சிரித்தார்.

மேனுகா எழும்பிப் பந்தலுக்குப் போனாள்.

“எஞ்சினியர் எண்டதை வெட்டுங்கோ.”

கோகுலன் கிட்ட வந்து, ஐயாத்துரையைக் கண்ணால் காட்டிக் குரலைத் தாழ்த்தினார். “விசரே உனக்கு? அந்தாள் கேட்டுக்கொண்டு இருக்குது. அண்ணை போயிட்டார். உன்ர வாழ்க்கையைப் பார்.”

“அப்பாவைப் பற்றி ஊருக்குச் சொல்லப்போறது இதுதான் கடைசி, சித்தப்பா. அதுவும் பொய்யா இருக்க வேண்டாம்.” அறிவிப்புக்காரர் பக்கம் திரும்பினாள். “கப்பல் முட்டாமல் பாலத் தூணுக்குக் காவல் போட்ட தொழிலாளி. அப்பிடி எழுதுங்கோ.”

அவர் இரண்டு தரம் கேட்டு எழுதினார். “இவ்வளவு நீளமா நான் ஒருத்தருக்கும் வாசிச்சதில்லை, தங்கச்சி” என்றார்.

ஓட்டோ வாசல் படலையைத் தாண்டியதும் ஒலிபெருக்கியில் குரல் தொடங்கியது. மேனுகா சொன்ன தொழில் வந்த இடத்தில் ஐயாத்துரை எழும்பினார். கோகுலன் அவரை நோக்கி இரண்டடி வைத்துவிட்டு அப்படியே நின்றார்.

ஐயாத்துரை கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார். முற்றத்தில் பாடை கட்டிக்கொண்டிருந்தவர்களிடம் போய், பச்சை மூங்கிலின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டார்.